பதினொரு தகடு செய்தி

வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு, செம்புத் தண்ணீரில் இரண்டு தடவை கொப்பளித்துவிட்டு வந்து உட்காருகிறார் ஜெயவேல். பத்திரிகை மடியில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. கொட்டகையில் நாற்பது பேர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றத் தொடங்கிவிட்டார்கள்.

"இன்னா நைனா, பேப்பருக்கு முகூர்த்தம் பாக்குறியா?" என்கிறான் குமாரவேல்.

"இரு மாமு. தும்மல் ஒண்ணு வந்துகினே கீது. அது போவட்டும்."

புகையிலைத் தூள் மிதக்கும் இடத்தில் தும்மலுக்குப் பஞ்சமில்லை. அது வந்து போகிறது. பிறகுதான் பத்திரிகை பிரிகிறது.

ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்சந்தில் இருக்கும் இந்தப் பீடிக் கொட்டகையில் ஜெயவேலுக்கு வேலை வாசிப்பது. நாற்பது ஜோடிக் கைகளுக்கும் ஓய்வில்லை. காதுகள் சும்மாதானே இருக்கின்றன? அதற்காகத் தொழிலாளர்களே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் இது. சாயங்காலம் ஆளுக்கு இருபத்தைந்து பீடியை ஜெயவேல் சுற்றியதாக அவருடைய கூடையில் போட்டுவிடுவார்கள். உண்மையில் அவரால் சுற்ற முடியாது. துறைமுகத்தில் மூட்டை இறக்கியபோது வலது கட்டைவிரல் போய்விட்டது. "கட்டவெரலு இல்லாம பீடி வராது. பக்கம் பொரட்ட வரும்" என்பார்.

தலையங்கம், பருத்தி விலை, கப்பல் வருகை, காணாமற்போன எருமை, தைல விளம்பரம் எல்லாம் வாசிப்பார். அச்சிட்டவர் பெயரையும் வாசித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். வெளிநாட்டுச் செய்திக்குத் தொண்டையிலிருந்து ஒரு குரல். மரண அறிவிப்புக்கு மூக்கிலிருந்து ஒரு குரல். ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். கொட்டகைக்கு வருமுன் பத்திரிகையைத் திறந்து பார்க்க மாட்டார்.

"முன்னாடியே பாத்துட்டேன்னு வச்சிக்கோ, எனக்குப் புடிச்சத சத்தமா படிப்பேன், புடிக்காதத முழுங்குவேன். அது கலீஜ் வேல. அச்சுல இன்னா கீதோ அதான் வாய்ல."

இந்தப் பிடிவாதம்தான் அவரைக் கவிழ்த்துவிட்டது.

சென்ற புரட்டாசியில், நிஜாமின் ரஜாக்கர் படையை அடக்கிய ஐதராபாத் நடவடிக்கை முடிந்த வாரம், பக்கத்துச் சந்தில் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு வெடிகுண்டு வெடித்தது. டீக்கடை வாசலில் நின்றிருந்த லியாகத் அலி செத்துப்போனார். லியாகத் இதே கொட்டகையில் பதினேழு வருஷம் பீடி சுற்றியவர், ஜெயவேலின் தோஸ்து. மறுநாள் காலையில் கொட்டகை முழுவதும் பத்திரிகைக்காகக் காத்திருந்தது. குண்டு எப்படி வந்தது, போட்டவன் யார் என்று அதுதானே சொல்ல வேண்டும்?

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. 'ராயபுரத்தில் பயங்கரச் சதி! வெடிகுண்டு தயாரித்த ரஜாக்கர் கையாள் பலி!' லியாகத்தின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், சந்து, கதவு இலக்கம் எல்லாம் கொடுத்திருந்தார்கள். 'பெரும் நாசம் தவிர்க்கப்பட்டது' என்று சர்க்கார் தரப்பு தெரிவித்ததாகவும் இருந்தது. ஜெயவேல் அதைத் தம்முடைய கணீரென்ற குரலில் கடைசி வரி வரை வாசித்தார்.

"பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு, நம்ம லியாகத்ததான் சொல்றானுங்கன்னு. ஆனா வாய் நிக்கல. பாரவண்டி சரிவுல எறங்குனா மாடு நிறுத்துமா?"

அன்று மத்தியானம் லியாகத்தின் ஜனாஸா அடக்கத்துக்குப் புறப்பட்டபோது கொட்டகையிலிருந்து ஒருவரும் போகவில்லை. ஜெயவேலும் போகவில்லை.

லியாகத்தின் மனைவி அஜீசா பீடி இலை கட்டும் வேலை செய்கிறவர். சந்துக் குழாயடியில் அவருடைய குடத்தைக் காலால் தள்ளினார்கள். வெள்ளிக்கிழமை தோறும் காலையில் ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று வாசலில் நின்று விசாரித்தார். வீட்டுக்காரர் தை மாதத்தோடு காலி செய்யச் சொன்னார். "நான் சொல்லலம்மா, ஜனங்க சொல்லுது" என்றாராம்.

மார்கழியில் ஒரு நாள் அஜீசா கொட்டகை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"பேப்பர்ல போட்டவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுண்ணே. இங்க படிச்சுச் சொன்னது நீங்க. உங்களத்தான் எனக்குத் தெரியும்."

ஜெயவேல் அன்றிலிருந்து பத்திரிகைக்கு இடது கையால் தபால் கார்டு எழுதத் தொடங்கினார். 'லியாகத் அலி டீ குடிக்கப் போனவர்' என்று பதினாறு கார்டு. ஒன்றும் அச்சேறவில்லை.

போன வியாழக்கிழமை ஆறாம் பக்கத்தில், கப்பல் வருகைக்குக் கீழே ஏழு வரி வந்தது. கிடங்கு ஒன்றில் வெடிமருந்து டப்பாக்களுடன் நாலு வாலிபர்கள் பிடிபட்டார்களாம். புரட்டாசியில் ராயபுரம் டீக்கடை வாசலில் குண்டு எறிந்ததையும் ஒப்புக்கொண்டார்களாம். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், வயசுக் கோளாறு, எதிர்காலத்தை முன்னிட்டுப் பெயர்களை வெளியிடவில்லை, பொதுமக்கள் அமைதி காக்குமாறு சர்க்கார் கேட்டுக்கொள்கிறது. அவ்வளவுதான். குண்டுக்குச் செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு செய்தியையும் எழுதியவர்கள் இதை எழுதும் என்னைப் போலப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள்தாம்.

ஜெயவேல் வாசித்து முடித்தார். எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து பழைய புரட்டாசிப் பத்திரிகையை எடுத்து வந்தார். பீடி இலையை அளவாக வெட்டுவதற்கு ஒரு தகரத் தகடு உண்டு. குமாரவேலிடமிருந்து அதை வாங்கி இரண்டு செய்திகள் மேலும் வைத்து அளந்தார். லியாகத்துக்குப் பதினொரு தகடு. நாலு வாலிபர்களுக்கு ஒரு தகடு நிறையவில்லை.

"ஏம்பா, குண்டு ஒண்ணுதான? அதே டீக்கட, அதே சாவு. அதுக்கு அவ்ளோ, இதுக்கு இத்தினியூண்டா?"

"வூடு பெருசா இருந்தா நூஸு சின்னதா வரும் நைனா" என்றான் குமாரவேல்.

ஜெயவேல் மறுபடி உட்கார்ந்து அந்த ஏழு வரியையும் முதலிலிருந்து வாசித்தார். முடித்ததும் மறுபடி வாசித்தார். ஏழாவது தடவையில் முதலாளி சங்கரநாராயணன் உள்ளேயிருந்து வந்தார், திருநெல்வேலிக்காரர்.

"என்னவே, ஒரே செய்திய எத்தன மட்டம் வாசிப்பீரு? கிறுக்குப் புடிச்சிருக்கா?"

"இன்னும் நாலு தகடு பாக்கி மொதலாளி."

முதலாளி நாற்பது பேரையும் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. கைகள் நின்றிருந்தன. "வாசிச்சுத் தொலையும்" என்று உள்ளே போய்விட்டார். பதினொன்று முடிந்த பிறகுதான் பருத்தி விலை வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத வேளையில் ஜெயவேல் லியாகத்தின் சந்துக்குப் போனார். புரட்டாசிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. குழாயடியில் குடங்கள் வரிசை கட்டியிருந்தன. பக்கத்தில் நின்று முந்தின நாள் பத்திரிகையைப் பிரித்தார்.

"இன்னாய்யா, நோட்டீசு குடுக்க வந்தியா?" என்றாள் வரிசையில் முதலாவதாக நின்ற புஷ்பவல்லி.

"பேப்பரு, தாயி. கேட்டுகினே தண்ணி புடி."

வாசித்தார். அடுத்த குடம் வந்தது. அதற்கும் முதலிலிருந்து வாசித்தார். குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது, அவருக்கு அது வசதியாகப் போயிற்று. நாலாவது தடவை முடிந்தபோது புஷ்பவல்லி குடம் நிரம்பியும் போகாமல் நின்றிருந்தாள்.

"அப்போ அந்த பாய் குண்டு செய்யலியா?"

"செய்யல தாயி. டீ குடிச்சாரு."

வேப்பங்குச்சியோடு வாசலில் நின்ற வீட்டுக்காரர் பல் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார். அஜீசாவின் வீட்டுக் கோணிப் படுதாவுக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஜெயவேல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மணி அடித்துக்கொண்டு கான்ஸ்டபிள் வந்தார். படுதாவுக்கு எதிரே ஒரு காலை ஊன்றி, கூட்டத்தைப் பார்த்தார்.

"இன்னாய்யா இங்க கூட்டம்? கலைங்க, கலைங்க."

"ஒரு நிமிசம் சார். ஏழே வரிதான்."

"யோவ், டூட்டி கீதுய்யா எனக்கு. வுடு."

ஜெயவேல் விடவில்லை. சைக்கிளின் முன்கம்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பத்திரிகையைக் கான்ஸ்டபிளின் முகத்துக்கு நேரே உயர்த்தி, தேதியிலிருந்து ஆரம்பித்தார்.