படுத்திருக்கும் பாடம்

திருத்தணியில் காலை ரயில் ஏறும்போதெல்லாம் அந்த அம்மாள் எனக்கு எதிரில்தான் உட்காருவார். ஐம்பது வயதிருக்கும். கே.ஜி.கண்டிகைப் பக்கம் விவசாயக் குடும்பம். சென்னையில் மசாஜ் தெரபி படித்துக்கொண்டிருந்தார். ரயில் கிளம்பியதும் நகங்களைச் சின்ன அரத்தால் தேய்த்து, விரல்களைத் தன் கன்னத்தில் அழுத்திப் பார்ப்பார். கீறினால் மறுபடி தேய்ப்பார். ஒருநாளும் தவறியதில்லை.

“அழுத்துறது கஷ்டமாக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது ஒண்ணும் இல்லீங்க, நாத்து புடுங்கின கைதானே. அங்க கிளாஸுல ஒருத்தருக்கு ஒருத்தர் செஞ்சுதான் பழகணும். என் முறைக்குப் படுத்துகினு இருந்தா, காலைத் தொட்டதுமே எழுந்து உக்காந்துடறேன். என் கால யாருங்க புடிச்சிருக்காங்க? இன்னிக்குப் பரீட்சை. நான் எழுந்துட்டா, எனக்குச் செய்ற பொண்ணு ஃபெயிலு.”

அன்று எனக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை. மாலை ரயிலில் அவரைப் பார்த்ததும் கேட்டேன்.

“எழுந்துட்டீங்களா?”

“இல்லீங்க, எழுப்பினாங்க. தூங்கிட்டேன். அந்தப் பொண்ணு பாஸு.”

சொல்லும்போதே அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அரக்கோணம் வரும்வரை தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவியின் பாதங்கள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.