ஈரத் தரையும் இரண்டு எழுத்தும்

நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்த புதிதில் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பெரிய சமையல் குசினியில் எனக்கு வேலை கிடைத்தது. பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகக் கந்தோர்களுக்கும் சாண்ட்விச்சும், 'பை' என்கிற இறைச்சிப் பணியாரமும் செய்து அனுப்புகிற இடம். மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். இலங்கையில் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். விசா இன்னும் நிரந்தரமாகவில்லை. வேலையிடத்தில் ஒரு குறைச்சொல் கேட்டுவிடக்கூடாது என்ற பயம் எப்போதும் இருந்தது.

என் மேசையில் இன்னும் இரண்டு பெண்கள். ஒருவர் தென்சீனத்தில் இருந்து வந்தவர், ஓரளவு இங்கிலிஷ் கதைப்பார். மற்றவர் ஜப்பான்காரர். இங்கத்தைய வெள்ளைக்காரர் ஒருவரைக் கட்டி வந்தவர், இங்கிலிஷ் அவ்வளவாக வராது. ஒருவரின் பேச்சு மற்றவருக்கு விளங்காது. ஆனால் சாண்ட்விச் பாண் சுற்றுகிற தாளில் பென்சிலால் எழுதிக் காட்டி இருவரும் சிரிப்பார்கள். சீன எழுத்து இரண்டு பாஷைக்கும் பொது என்று அப்போதுதான் அறிந்தேன். பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

ஒரு நாள் காலை நான் குசினி நிலத்தைத் துடைத்தேன். காயும் வரைக்கும் ஆட்கள் வராமல் வழியில் உட்காருகிற கதிரை ஒன்றைக் குறுக்கே வைக்கவேண்டும். அடுப்பு மணி அடிக்க, வைக்காமலே ஓடிவிட்டேன். தட்டோடு வந்த ஜப்பான்காரப் பெண் வழுக்கி விழுந்தார். பார்த்திருக்கவே வலது மணிக்கட்டு வீங்கியது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "எப்படி விழுந்தவ?"

நான் அடுப்புப் பக்கமே நின்றேன். சீனப் பெண் தாளை நீட்ட, விழுந்தவர் இடது கையால் இரண்டு எழுத்து கிறுக்கினார். சீனப் பெண் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"'என்னைக் குறை சொல்லுங்கோ' எண்டு எழுதியிருக்கிறா. தன்ர பிழையாம்."

சூப்பர்வைசர் தலையை ஆட்டிவிட்டு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

எனக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதை வீட்டில் சொன்னபோது என் கணவர் உருகிப்போனார். "எவ்வளவு நல்ல மனுசி. போய்ப் பாத்திட்டு வா." சனிக்கிழமை வடை சுட்டு எடுத்துக்கொண்டு த்ரீ கிங்ஸில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் எனக்காகச் செய்ததை மறக்கமாட்டன்" என்று அழுதேன். அவர் திகைத்துப்போய்த் தலை குனிந்து வடையை வாங்கினார். அடக்கம் என்று நினைத்தேன்.

அவர் வேலைக்குத் திரும்பி வந்த அன்று, தேநீர் நேரத்தில் இரண்டு பேரும் பழையபடி தாளோடு இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சீனப் பெண் முகம் சிவக்க எழும்பி என்னிடம் வந்தார்.

"நான் பிழையா வாசிச்சிட்டன். அந்த ரெண்டு எழுத்தும் எங்களுக்கு 'என்னைக் குறை சொல்லு.' ஜப்பான்காரருக்கு அது கெகா. காயம் எண்டு அர்த்தம். காயம் பட்டிட்டுது எண்டுதான் எழுதினவவாம்."

எனக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சென்னைக்காரப் பெண் ஒருமுறை, "உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசினேன்" என்று சொல்ல, ஏன் இவ என்ர மனுசனை ஏசினவ என்று நான் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் திரிந்தவள். எங்களுக்குப் பேசுவதென்றால் ஏசுவது. அதைப் பிறகு சொல்லிச் சிரித்தோம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவர் எனக்காக ஒன்றும் சொல்லவில்லை. நான் அவர் வீட்டு வாசலில் நின்று, சொல்லாத சொல்லுக்கு நன்றி சொல்லி அழுதிருக்கிறேன்.

நேரே சூப்பர்வைசரிடம் போனேன். "நிலம் துடைச்சது நான். கதிரை வைக்கேல்லை."

அவர் பேப்பரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த நாட்டில விபத்தெண்டால் ஆரின்ர பிழையெண்டு பாக்கிறேல்லை. அவவுக்கு நட்டஈடு வரும். இனிக் கதிரையை வையுங்கோ." அவ்வளவுதான். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

சீனப் பெண்ணிடம், மன்னிக்கச் சொல்லி ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டேன். அவர் கையை எடுத்துக் கும்பிடாத குறை. "ஐயோ, அது அங்க என்ன அர்த்தமோ. நான் இனி எழுதமாட்டன்." கடைசியில் நானே போய், எனக்குத் தெரிந்த இங்கிலிஷில், நிலத்தைக் காட்டி, என்னைக் காட்டிச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நிலம் ஈரம். நீ துடைச்சாய். எனக்கு அப்பவே தெரியும்" என்றார். கோபமும் இல்லை, பரவாயில்லை என்ற சொல்லும் இல்லை. பிறகு, நெடுநாள் கேட்க நினைத்ததைப்போல, "அந்த வடை எதுக்கு?" என்று கேட்டார்.

நான் திரும்பி மேசைக்குப் போய்க் கத்தியை எடுத்தேன். அந்த வேலையை விடும்வரை அவர் பக்கத்தில் நின்றுதான் பாண் வெட்டினேன். ஒரு நாளும் அவர் முகத்தை நேரே பார்த்துக் கதைக்க என்னால் முடியவில்லை.