சமதரை என்று நான் சொன்ன புல்வெளி

நான் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு புல்வெளியை, நடந்து பார்த்ததாகச் சொல்லி ஒரு மனிதரை அங்கே அனுப்பினேன். அவர் உயிரோடு திரும்பவில்லை.

உங்களிடம் சொல்கிறேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லத்தான் இன்றுவரை வாய் வரவில்லை...

வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் எனக்கு வேலை. வேளாங்கண்ணி, திருப்பதி, எப்போதாவது ஒரு மலேசியா டிக்கெட். அங்கேதான் அந்துவான் ஐயாவும் அவர் மனைவி ரோசாலி அம்மாவும் வந்தார்கள். ஐயா பிரான்சு இராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நாட்டில் பழகிய கோல்ஃப் ஆட்டத்தை எழுபது வயதிலும் விடவில்லை. திருமண நாளுக்கு ஒரு தீவுக்குப் போய் ஆசைதீர ஆட வேண்டுமாம்.

"நல்ல மைதானமா நீயே பாத்து சொல்லும்மா," என்றார் ரோசாலி அம்மா. "ஹார்ட் ஆபரேசன் ஆனவரு. மேடு ஏறக் கூடாதுன்னு டாக்டரு சொல்லி இருக்காரு."

"அதுக்காக வண்டியில ஏத்தி வுட்டுடாத," என்று சிரித்தார் ஐயா. "நடந்து ஆடுனாதான் ஆட்டம்."

கோல்ஃப்! பந்தைக் கம்பால் தட்டிக் குழியில் விடுவார்கள் என்பதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? மூன்று மைதானங்களின் படங்களைத் திரையில் திறந்தேன். ஒன்றில் கடலோரப் பாறை. ஒன்றில் வண்டி கட்டாயம். மூன்றாவது, வானத்திலிருந்து எடுத்த படம்... எங்கள் நாற்றங்கால் போல அப்படியொரு பச்சை!

நான் பாகூர்ப் பெண். ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் நிலம் அவ்வளவு பச்சையாக இருந்தால் அது சமமாகத்தான் இருக்கும். மேட்டில் தண்ணீர் ஏறாது, பயிர் காய்ந்துவிடும். அந்த நினைப்பிலேயே படத்தைப் பார்த்தேன். குழாய் வைத்துத் தண்ணீர் தெளித்துக் குன்றையும் பச்சையாக்குவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இதுவரை அறியாமை. நீங்கள் மன்னித்துவிடலாம். அடுத்ததைக் கேளுங்கள்.

"நீ போயி பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டார் ரோசாலி அம்மா.

இல்லை என்றால் டவுனில் இருக்கும் பெரிய அலுவலகத்துக்குப் போய்விடுவார்கள்... அதைவிட, பாஸ்போர்ட்டே இல்லாதவள் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம்!

"போன வருசம் கம்பெனியில கூட்டிட்டுப் போனாங்கம்மா. முழுக்க நடந்து பாத்தேன். சுத்தமா சமதரை."

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்!

அந்தத் தீவு மைதானத்தில், பதினொன்றாவது குழிக்கு அருகில் ஐயா விழுந்தார். அம்மா அப்போது விடுதி அறையில் இருந்தார். இதயம் நின்றுவிட்டது என்று மட்டும் அவரிடம் சொன்னார்களாம்.

செய்தி வந்த அன்று, அந்த மைதானத்தில் யாரோ நடந்தபடியே எடுத்த வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்தேன். பத்தாவது குழியைத் தாண்டியதும் ஏற்றம். இளவட்டம் ஒருவனே பாதி வழியில் இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு வாங்கினான்.

அடக்கத்தன்று உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். நம்புங்கள்! ரோசாலி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நடந்த எடம்தானம்மா... மேடு கீடு எதுனா இருந்துச்சா?"

உண்மையைச் சொல்ல இதைவிட எளிதான கேள்வியை யார் கேட்பார்கள்? சுற்றிலும் அவருடைய உறவினர்கள் நின்றார்கள்.

"இல்லம்மா. சமதரைதான்."

அவர் மெல்லத் தலையாட்டினார். "அப்ப மாத்திரதான்டி. அன்னிக்கிக் காலையில குடுக்க மறந்துட்டேன். மேடு ஏறுனாருன்னா அதனாலன்னு நெனைக்கலாம். சமதரையில நடந்த மனுசன் வேற இன்னாத்துக்குடி சாவாரு? நான்தான் கொன்னுட்டேன்."

மாத்திரையா, மேடா... மருத்துவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் மேடு ஒன்று இருந்தது என்று தெரிந்தால், பழியில் பாதியையாவது அவர் இறக்கி வைப்பாரே! அந்தப் பாதி என்னுடையது அல்லவா? என் வாயை எது அடைத்தது? வேலை போய்விடும் என்ற பயமா? ஊர் காறித் துப்பும் என்ற பயமா? இரண்டும்தான். நான் கோழை.

இப்போதும் சந்தைக்கு வரும்போதெல்லாம் அலுவலகப் படியேறி என் எதிரே உட்காருகிறார். பாதியாக இளைத்துவிட்டார். தன் சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டாராம். அவர் மகள் என்னிடம் சொல்லி அழுதாள்.

நேற்றும் வந்தார்.

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. ஒரு சின்ன மேடுகூடவா இல்ல?"

கெஞ்சினார்... ஒரு மேட்டுக்காக என்னிடம் கெஞ்சினார்!

"இல்லம்மா," என்றேன்.