கடுகு குடித்த செம்பு

யோசனை வந்தது தேனியில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பிரவுசிங் சென்டரில்.

என் முக்கால்வாசி யோசனைகள் அங்கேதான் பிறக்கின்றன. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு யோசனை வந்துவிடும்... இன்டர்நெட்டின் வேகம் அப்படி. அன்று திரையில் மேலிருந்து கீழாக, வரி வரியாக, ஒரு படம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் வானம். பிறகு ஒரு பழைய தொழிற்சாலைக் கூரை. கடைசியில் மஞ்சளாக ஒரு வயல். கீழே விளக்கம்: கெட்டுப்போன மண்ணைச் சுத்தம் செய்ய இங்கே கடுகு போட்டிருக்கிறார்கள். செடி, மண்ணில் சேர்ந்த உலோகத்தை வேரால் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு செடியைப் பிடுங்கிவிட வேண்டும்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "டைம் முடியலையே சார்," என்றார் சென்டர்காரர்.

ஏன் எழுந்தேன்? முதல் நாள்தான் சுருளிப்பட்டியிலிருந்து சித்தப்பா போன் செய்திருந்தார். தக்காளி நாற்று மறுபடியும் செத்துவிட்டது.

நாற்று செத்த இடம் சித்தப்பாவின் பழைய பன்னீர் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கிட்டத்தட்ட என் வயது. திராட்சைக்கு நோய் வராமல் இருக்க மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலந்து அடிப்பார்கள். சித்தப்பா தாராளமாக அடிப்பார். மோட்டார் ரூம் கதவு, கிணற்றடிச் சுவர், அவருடைய கைலி, காவலுக்கு நின்ற நாயின் முதுகு... எல்லாமே லேசான நீலம். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு என்ற உலோகம். மழையில் கழுவிக்கொண்டு மண்ணில் இறங்கும். இறங்கினால் போகாது. திராட்சை ஆழத்தில் வேர்விட்டுத் தப்பித்தது. கொடிக்கு வயதாகிப் பந்தலைப் பிரித்துத் தக்காளி வைத்தார்கள். அதற்கு வேர் மேலேயே. மாட்டிக்கொண்டது.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏலே, மயில்துத்தம் மருந்துடா. மருந்து எப்படிலே விசமாகும்?"

"ஏன், தலைவலிக்குதுன்னு ஒரு அட்டை மாத்திரைய ஒரே வாயில முழுங்குனா மருந்தாவா இருக்கும்?" என்றார் சித்தி அடுப்படியிலிருந்து. "தம்பி சொல்றத கேளுங்க."

அவர் கேட்டதற்குக் காரணம் நான் அல்ல, முருகேசன் மாமா. சித்தியின் அண்ணன். செங்கல் சூளை வைத்திருக்கிறார். ஒரு முழம் மேல்மண்ணை வழித்துக்கொள்ள அவர் அந்தத் தோட்டத்தைக் கேட்டிருந்தார். "அடியில புது மண்ணு கெடக்கும்ல மாப்ள, அதுல வெவசாயம் பாரு," என்று யோசனையும் சொல்லியிருந்தார். அடியில் கிடப்பது சுக்கான் பாறை என்பது இருவருக்கும் தெரியும். மேல்மண் போனால் தோட்டம் போயிற்று. சித்தப்பாவுக்கு மனசில்லை. ஆனால் எதை வைத்தாலும் சாகிற மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர் தோட்டத்துப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தார். கம்பத்துக்குப் போவதென்றால்கூட சுற்று வழியில் போனார்.

"ஒரு போகம் தாரேன்," என்றார் என்னிடம். "தைக்குள்ள எதையாச்சும் பண்ணிக் காட்டு. இல்லேன்னா மண்ணு முருகேசனுக்கு."

ஐப்பசியில் கடுகு விதைத்தோம்.

திராட்சை பூமியில் கடுகு போட்டால் ஊர் சும்மா இருக்குமா? "கடுகு தோட்டத்துல இருக்கு, எண்ணெய்ச் சட்டி எங்கன இருக்கு?" என்றார்கள் டீக்கடையில். "இந்த வருசம் கடுகு, அடுத்த வருசம் உளுத்தம்பருப்பு, அதுக்கடுத்து கருவேப்பிலை... தாளிச்சு முடிக்கவே மூணு வருசமாகும்." சித்தப்பா டீயைக் குடித்தார். நான் பதில் சொன்னேன். அறிவியல்பூர்வமாகச் சொன்னேன். கடை காலியாகிவிட்டது.

ஆனால் கடுகு வந்தது! எல்லாம் செத்த மண்ணில் முழங்காலுக்கு மேல் வந்தது. மார்கழியில் தோட்டம் முழுக்க மஞ்சள். சித்தப்பா காலையில் பல் துலக்கிக்கொண்டே அங்கே போக ஆரம்பித்தார். வேப்பங்குச்சியோடு போனவர் திரும்பக் காலைச் சாப்பாட்டு நேரம் ஆகும். "அவுக இப்ப கம்பத்துக்கு நேர் வழியிலதான் போறாக," என்றார் சித்தி. எனக்கு அது போதும்.

பூத்த செடியைப் பிடுங்கி வெளியே போட்டுவிட வேண்டும். அதற்குள் எனக்கு மதுரையில் ஒரு இன்டர்வியூ வந்துவிட்டது. நான் வந்து பிடுங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். இன்டர்வியூவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் இன்னும் ஊரிலேயே உட்கார்ந்து இதை எழுதுவதிலிருந்தே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

திரும்பி வந்து நேராகத் தோட்டத்துக்குப் போனேன். மஞ்சளைக் காணோம். பச்சையையும் காணோம். பழுப்பாக, பொலபொலவென்று, உழுத மண். நடுவில் தலைப்பாகையோடு சித்தப்பா.

"செடியெல்லாம் எங்கன சித்தப்பா?"

"உள்ளதான்."

"எதுக்குள்ள?"

"மண்ணுக்குள்ளதான். டிராக்டர விட்டு மடக்கி உழுதுட்டேன்ல! நீ ஒத்தையில பிடுங்கிக் கஷ்டப்படுவியேன்னு..."

"வெளிய போடணும்னுல்ல சொன்னேன்?"

"ஏலே, பூத்து நிக்கிற பச்சைத் தழைய எவனாச்சும் வெளிய எறிவானா? நல்ல உரம்டா."

எங்கள் பக்கத்து விவசாயி எவரும் எறியமாட்டார். சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் நேரம் பார்த்து, அப்படியே மண்ணோடு மடக்கி உழுவார்கள். பசுந்தாள் உரம். சித்தப்பா நேரத்தைக்கூட மிகச் சரியாகப் பார்த்திருந்தார். ஒரு போகம் முழுக்கக் கடுகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்த செம்பை, ஒரு மதியத்தில் அதே மண்ணுக்கு ஊட்டிவிட்டார். சிந்தாமல் சிதறாமல்.

நான் விளக்கினேன். அவர் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிப் பார்த்தார். போட்டார். வீட்டைப் பார்த்து நடந்தார்.

யாரைக் குறை சொல்ல? வேர் எப்படி உறிஞ்சும் என்று நான் அவருக்கு வரைந்து காட்டியிருக்கிறேன். பிடுங்கிய செடியை எங்கே போடுவது என்று சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. அன்று பிரவுசிங் சென்டரில் அந்தப் பகுதி இறங்குவதற்குள் கரண்ட் போய்விட்டது. நாம் வீட்டைக் கூட்டி வாசலில் தள்ளுகிறோம். வாசலைக் கூட்டித் தெருவில் தள்ளுகிறோம். தெருவைக் கூட்டி ஓடையில்... அழுக்குக்கு இடமாற்றல் ஆர்டர் கொடுப்பதைத்தான் சுத்தம் என்கிறோமோ?

சாயங்காலம் முருகேசன் மாமா வந்துவிட்டார். பதில் கேட்டுத்தான். காப்பியை வாங்கிக்கொண்டு வழக்கமான புலம்பலை ஆரம்பித்தார்.

"மண்ணுகூட எங்கிட்டாச்சும் கெடைச்சிருது மாப்ள. வெறகுதான் கெடைக்கல. நாயா அலையிறேன்."

சித்தி டம்ளரை வாங்காமல் நின்றார்.

"ஏண்ணே... காஞ்ச கடுகுச் செடி எரியுமா?"

"சடசடன்னு எரியுமே ஆத்தா. எதுக்குக் கேக்குற?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"மண்ணு இப்ப இல்ல மச்சான். இன்னும் ஒரு போகம் பாக்குறோம்."

பாக்குறோம் என்றார். எண்ணிக்கையில் என்னையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

பெரியகுளத்தில் தோட்டக்கலை படிக்கும் நண்பன் செல்வத்திடம் கேட்டேன். எரிக்கலாமாம். செம்பு பெரும்பாலும் சாம்பலில் தங்கிவிடும். சாம்பலைச் செங்கல் மண்ணோடு பிசைந்து சுட்டுவிட்டால் சுவருக்குள் போய்விடும். ஒரே போகத்தில் தீராது, பல போகம் ஆகும், ஒவ்வொரு முறையும் இப்படித்தான் என்றான். மாமாவும் சரி என்றுவிட்டார். மண்ணைக் கேட்டு வந்தவருக்குச் செடி.

அடுத்த வாரம் மறுபடி கடுகு விதைக்கிறோம். பூக்கும்போது நான் தோட்டத்திலேயே இருப்பதாக முடிவு செய்திருந்தேன். நேற்று சித்தப்பா போன் செய்தார். குரலில் பழைய உற்சாகம்.

"ஏலே, சூளையில எரிச்சா சாம்பல் வரும்ல? சாம்பல் நல்ல உரம்டா!"

சூளையிலும் நான்தான் நிற்க வேண்டும்.