கோப்பில் இருந்த என் வார்த்தைகள்

ஆரணியின் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. அப்போது என் மகளுக்கு ஏழு வயது. காலை ஓட்ஸ் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. வேலைக்குப் பிந்துகிற எரிச்சலில், விளையாடாமல் சாப்பிடச் சொல்லி அதட்டினேன். சில வினாடிகளில் திரும்பி வந்து, ஒன்றும் நடவாததுபோல் மென்றாள். அந்த அதட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் விழுந்து கை கால் இழுத்தது. ஈ.ஈ.ஜி. (தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். வலிப்பு நோய் என்றார் டாக்டர். விழித்தெழுந்த முதல் ஒரு மணி நேரமும், களைத்துப்போகும் பின்னேரமும்தான் ஆபத்து. மருந்து பொருந்தும் வரை தனியே விடக் கூடாது. வலிப்பு வந்தால் பதறாமல் வினாடிகளை எண்ணச் சொன்னார். ஐந்து நிமிடம் தாண்டினால் கன்னத்துக்குள் மருந்து விட வேண்டும். அன்றிலிருந்து எண்ணுகிறேன்.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். கணவருக்குத் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட். நோயுள்ள பிள்ளைக்காக வேலை நேரத்தைக் குறைக்கும் பெற்றோருக்கு, டென்மார்க்கில் கொமூன (நகராட்சி) இழந்த சம்பளத்தை ஈடுசெய்யும். அதற்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது. காலையும் பின்னேரமும் அவளோடு நின்றேன்.

எங்கள் கோப்பைப் பார்த்த அலுவலர் மெட்டே. இந்த நாட்டில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவது. அதை நான் சிநேகிதம் என்று எடுத்துக்கொண்டது என் மொக்குத்தனம். சில மாதங்களுக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைப்பாள். தன் பிள்ளைகளின் தடிமல், இருமலைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஆரணி எப்படி என்று கேட்பாள். நன்றாகப் போகிறது என்பேன்.

எங்கள் ஆட்களுக்குப் பிள்ளையின் குறையை வாயால் சொல்ல வராது. சொன்னால் அதுவே நிலைத்துவிடுமோ என்று பயம். பெண்பிள்ளைக்கு வலிப்பு என்று கோயிலில் நாலு பேர் கதைத்தால் என்ற பயம் வேறு. வைலே நகரில் இருக்கும் என் தங்கைக்கே நெடுநாள் காய்ச்சல் என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். அவளுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் மெட்டேக்குச் சொன்னேன்.

இரண்டாம் வருட மறுபரிசீலனையில் கடிதம் வந்தது. பிள்ளையின் நிலை சீராகிவிட்டதால் கொடுப்பனவு நிறுத்தப்படுகிறது. நான்கு வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். மெட்டேயை அழைத்தேன். அதே கனிவான குரலில், என் ஏமாற்றம் தனக்கு விளங்குகிறது என்றாள்.

கோப்பு முழுவதையும் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு குறிப்பு. "தாய் சொல்கிறார்: நன்றாகப் போகிறது." "தாய் சொல்கிறார்: பிறந்தநாள் விழாவில் சிறுமி நடனமாடினாள்." ஆடினது உண்மை. அடுத்த நாள் இரண்டு தரம் விழுந்ததை நான் சொல்லவில்லை. பாவி, சிரித்துச் சிரித்துக் கேட்டு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாள் என்று குமுறினேன். ஆனால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எழுதாதது நடக்காதது என்று வேலையிடத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் கோப்பைக் கேளுங்கள். எவ்வளவு அன்பாக விசாரித்தாலும், விழுந்ததைச் சொல்லுங்கள்.

நான் மேல்முறையீட்டை எழுத உட்கார்ந்தேன். குளியலறைக் கதவைப் பூட்ட விடுவதில்லை. வலிப்போடு சிறுநீர் போய்விடும். படித்தது மறந்துபோகிறது. சப்பாத்து நாடாவைக்கூடத் தானே கட்ட முடிவதில்லை. கணவர் பின்னால் நின்று வாசித்தார்.

"பிள்ளையைப் பற்றி இப்பிடியெல்லாம் எழுதாதையும். நாளைக்கு அவள் வாசிப்பாள்."

"எழுதாட்டி நாளைக்கு அவளோட ஆர் நிக்கிறது, சொல்லுங்கோ."

கடிதத்தை அப்படியே அனுப்பினேன். கொமூன தன் முடிவை மாற்றவில்லை. கோப்பு மேல்முறையீட்டுச் சபைக்குப் போனது. காத்திருந்த மாதங்களில் நான் முழுநேர வேலைக்குத் திரும்பினேன். ஒரு காலை, ஷிப்ட் முடிந்து வந்த கணவர் சோபாவில் கண்ணயர்ந்த நேரம், ஆரணி குளியலறையில் விழுந்து முன்பல் உடைந்தது. பல் வைத்தியரின் கடிதத்தையும் சபைக்கு அனுப்பினேன். அனுப்பும்போது, இனி வெல்லலாம் என்று ஒரு கணம் மனம் குளிர்ந்தது. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வென்றோம். கொடுப்பனவு திரும்ப வந்தது. அடுத்த வருடம் மறுபடியும் பார்ப்பார்களாம்.

ஒரு பின்னேரம் ஆரணி என் மேல்முறையீட்டுக் கடிதத்தோடு சமையலறைக்கு வந்தாள். அவளுக்குப் பத்து வயது. டேனிஷ் என்னைவிட நன்றாக வாசிப்பாள். இது நானா என்று டேனிஷில் கேட்டாள். தினமும் காலையில் தன்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு ஏன் இப்படி எழுதினாய் என்றாள். உனக்காகத்தான் என்றேன். அவள் நம்பவில்லை. பென்சில் எடுத்து, சப்பாத்து பற்றிய வரியைக் கோடிட்டு வெட்டி, ஓரத்தில் "இப்போது என்னால் முடியும்" என்று எழுதினாள்.

அது உண்மை. புது மருந்து பொருந்தத் தொடங்கியிருந்தது. வேறு எந்தத் தாயும் அந்தக் கடதாசியைச் சுவரில் ஒட்டியிருப்பாள். நான் அலுமாரி லாச்சிக்குள், துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். முன்பு அவள் வருத்தத்தை, அந்த நோயை, ஒளித்தேன், இப்போது சுகத்தை.

நேற்றுக் காலை மறுபரிசீலனைக்காகக் கொமூனவிலிருந்து தொலைபேசி அழைப்பு வர இருந்தது. ஆரணி வாசலில் குந்தியிருந்து நாடா கட்டினாள். வலிப்பை எண்ணிப் பழகிய என் வாய் அதையும் எண்ணியது. அறுபத்திரண்டில் முடித்தாள். உடனே தொலைபேசி அடித்தது. என்னோடு எப்போதும் டேனிஷில் கதைப்பவள், தலையை நிமிர்த்தித் தமிழில் கேட்டாள்.

"அம்மா, இண்டைக்கு நான் சுகமோ, வருத்தமோ?"

தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தேன்.