கறுப்பியின் காலும் ஏலாக்குறிச்சி வேண்டுதலும்

காலில் ஏறிய செள்ளுப் பூச்சி ஒழிந்த பின்னும் எங்கள் கோழி கறுப்பிக்குக் கால் சரியாகவில்லை. செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியதுபோல் தடித்து, நொண்டிக்கொண்டே கிடந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் மருந்து கொடுத்தார். "செதில பிச்சிடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில கால ஊறவச்சு, தேங்காயெண்ண தடவுங்க. தானா உதிரும்" என்றார்.

தினமும் மடியில் வைத்துக் கழுவினேன். கோயிலில் பாதம் கழுவும் சடங்கு நடக்கிற பெரிய வியாழனுக்குக்கூட நான் யார் காலையும் கழுவியதில்லை.

இன்று காலை கூண்டைத் திறந்ததும் ஒரே தாவலில் கொய்யா மரத்தில் ஏறிவிட்டது. கால் இரண்டும் பளபளவென்று புதுசு! அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனிதர் தலையைச் சொறிந்தார்.

"என்னங்க?"

"இல்ல... அது படுற பாட்டப் பாத்துட்டு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். கால் சரியாயிட்டா ஏலாக்குறிச்சி கோயிலுக்குக் கொண்டாந்து விட்டுடுறேன்னு."

"எத?"

"கோழியத்தான்."

மருந்து கொடுத்தது டாக்டர். கால் கழுவியது நான். வேண்டிக்கொண்டது மட்டும் இவர், அதுவும் என் கோழியை!

ஏலாக்குறிச்சிப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். கோழிக்குப் பதிலாக, வேண்டிக்கொண்டவரையே கொண்டுவந்து விட்டால் மாதா ஏற்றுக்கொள்வாளா?