உமாதேவியின் வாட்டர் சர்வீஸ்

சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகிற ரோட்டில், எங்கள் ஊர் எல்லைக் கல்லுக்குக் கொஞ்சம் உள்ளே, உமாதேவியின் வாட்டர் சர்வீஸ் இருக்கிறது. அதை ஒட்டி என் பஞ்சர் கடை. பைக், டிராக்டர், காய்கறி வேன், எது வந்தாலும் சேறு போகக் கழுவி அனுப்புவாள். நாய் கடித்த மனிதர்களையும் கழுவி அனுப்புவாள். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்குக் கடி விழுந்தால் தெரியும்.

இந்த வேலையை யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் அவளையே ஒரு நாய் கடித்தது. அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அனுசுயா, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும், கழுவிய கையோடு ஊசிக்கு வந்துவிட வேண்டும், ஊசிகளில் ஒன்றைக்கூட விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். கேட்டுக்கொண்டு வந்தவள் தன் கடையைச் சுற்றிப் பார்த்தாள். சோப்பும் ஓடுகிற தண்ணீரும் ஊரிலேயே அதிகமாக இருப்பது தன்னிடம்தான் என்று அவளுக்குப் பட்டது. அன்று முதல் எவனுக்குக் கடி விழுந்தாலும் அவள் கடைக்குத்தான் தூக்கி வருகிறார்கள். வண்டி கழுவுகிற பிரஷர் கன்னை மனிதர்கள் மேல் திருப்ப மாட்டாள். அதற்கென்று ஒரு சாதாரண ஹோஸ் பைப் வைத்திருக்கிறாள்.

கழுவிவிடுவதும் உண்டு, கூடவே திட்டும் உண்டு. ஒருமுறை திலீபன் என்கிற பையன் நாய்க்கடிக்கு மருந்துக் கடையில் ஊசி மருந்தை வாங்கி, பைக் டேங்க் கவருக்குள் போட்டு, வெயிலில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வண்டி கழுவ வந்தான். அவள் கையில் எடுத்துப் பார்த்தபோது மருந்து டீ கிளாஸ் மாதிரி சுட்டது. "ஏலே, ஐஸ்ல இருக்க வேண்டிய மருந்தை வறுத்துக் கொண்டாந்திருக்கியே! இது உடம்புல போயி என்னத்தக் காப்பாத்தும்?" என்று திட்டி, அப்படியே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவிட்டாள். அங்கே அதே ஊசியை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் காசில்லாமல் போட்டார்கள். எனக்கு அவள் மேல் மரியாதை அதிகம். அவள் வாயைக் கண்டால் பயமும் அதிகம்.

அவளோடு மல்லுக்கு நின்ற ஒரே ஆள் வீரணன். கடைக்குப் பின்னால் அவருடைய முருங்கைத் தோட்டம். சோப்புத் தண்ணீர் தன் வரப்பில் இறங்குகிறது என்று வாரம் ஒரு முறை மண்வெட்டியோடு வந்து கத்துவார். கடையை மூடச் சொல்லி ஊர்க் கமிட்டி வரைக்கும் போனார். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

போன வருஷம் மாரியம்மன் பொங்கலுக்கு உமாதேவி காப்புக் கட்டியிருந்தாள். அவள் மகள் மகாலட்சுமிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதற்காகத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். வீரணனும் காப்புக் கட்டியிருந்தார். அந்த மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் தீச்சட்டி இறக்கும் வரை எல்லைக் கல்லைத் தாண்டக்கூடாது. தாண்டினால் யாருக்காக நேர்ந்தோமோ அவர்களுக்கு ஆகாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

காப்புக் கட்டிய மறுநாள் காலையிலேயே வீரணன் தண்ணீர்ச் சண்டைக்கு வந்தார். கடைச் சரிவின் ஈரத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு நாய் படுத்திருந்தது. அதை விரட்ட மண்வெட்டிக் காம்பை ஓங்கினார். அது எழுந்து அவருடைய கெண்டைக்காலைக் கவ்விக் குதறிவிட்டு முருங்கைக்குள் ஓடியது.

"இங்கன உக்காருங்கண்ணே," என்று உமாதேவி அவரைக் கல்லில் உட்கார்த்தி ஹோஸைத் திறந்துவிட்டாள். வீரணனின் மனைவி ஜக்கம்மா மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்புமாக ஓடி வந்தார். "அக்கா, அதக் குழம்புக்கு வச்சுக்கங்க, கால்ல வைக்காதீக," என்று தடுத்துவிட்டாள். ரத்தமும் நுரையுமாகத் தண்ணீர் ஓடியது. வீரணனுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"போதும் உமா, நிப்பாட்டு!"

"ஓடட்டும்ணே," என்றாள் அவள். ஓடிய தண்ணீர் அவருடைய வரப்பில்தான் இறங்கியது. அன்று அதை அவர் கவனிக்கவில்லை.

கழுவி முடித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். வீரணன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "காப்புக் கட்டியிருக்கேன்ல? தீச்சட்டி இறக்கிட்டுப் போட்டுக்கறேன்."

உமாதேவி அனுசுயாவுக்குப் போன் போட்டாள். "ஆழமான கடியா? இன்னைக்கே கூட்டிட்டுப் போங்கம்மா. ஊசியோட, புண்ணைச் சுத்திப் போடுற மருந்தும் வேணும், அது பெரிய ஆஸ்பத்திரிலதான் இருக்கு. அந்த நோய் வந்துட்டா அதுக்கப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது," என்று நர்ஸ் சொன்னதை ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். வீரணன் தலையைக் குனிந்துகொண்டார். அசையவில்லை.

கமிட்டித் தலைவர் ஈஸ்வரபாண்டி வந்தார். "ஆத்தாகிட்ட பூக் கேட்டுப் பாப்போம். உத்தரவு குடுத்தா போகட்டும்," என்றார்.

"குடுக்கலைன்னா?" என்றாள் உமாதேவி. "வேற நிறப் பூ வந்துட்டா இவரச் சாகவிட்டுருவீகளா?"

அவள் ஸ்கூட்டியை எடுத்து எல்லைக் கல் வரைக்கும் ஓட்டிப் போய் நிறுத்தினாள். நான் வீரணனை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஊரும் நடந்து வந்தது. கல்லைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா, கேக்கிறதா இருந்தா என்னையக் கேளு. அந்தப் பச்சப்புள்ளையக் கேக்காத," என்றாள். பிறகு வண்டியைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த் திருப்பி நிறுத்தினாள். "நான் தாண்டிட்டேன். பாவமெல்லாம் எனக்கு. வாங்கண்ணே!"

எத்தனையோ பேர் எத்தனையோ தைரியம் காட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. வீரணனின் பதிலுக்குக் காத்திராமல் நான் பைக்கை நகர்த்திவிட்டேன். அவர் இறங்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் வீரணன் சட்டையைத் தூக்கித் தொப்புளைக் காட்டி நின்றார். "அதெல்லாம் அந்தக் காலம்யா, கையை நீட்டுங்க," என்று அங்கிருந்த நர்ஸ் சிரித்தார். புண்ணைச் சுற்றி மருந்தை இறக்கினார்கள், கையில் தோலோடு தோலாக ஊசி போட்டார்கள், தையல் போடாமல் விட்டார்கள். பத்தியம் எதுவும் கிடையாது, அடுத்த ஊசிக்கு மூன்றாம் நாள் தவறாமல் வரவேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் என்றால் திருவிழாவுக்கு நடுவில்.

ஊர் திரும்பியதும் கமிட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரண்டு பேருடைய காப்பும் கெட்டது, இந்த வருஷம் இருவருக்கும் தீச்சட்டி கிடையாது.

அதற்கு மறுநாள் திருப்பூரிலிருந்து மகள் போன் செய்தாள். குழந்தைக்குக் காய்ச்சல். செய்தி தெருவில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? "சொன்னோம்ல," என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் நாலு பேரை அறைந்திருப்பேன். உமாதேவி வண்டி கழுவுகிற கையைத் துடைத்துத் துடைத்துப் போனை எடுத்து வீடியோவில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

மூன்றாம் நாள் காலை வீரணன் தானாகவே கடைக்கு வந்தார். மண்வெட்டி இல்லை. கண் கலங்கியிருந்தது.

"வேணாம் உமா. புள்ளைக்கு முடியலைன்னு சொல்றாக. காப்புக் கெட்டுப்போச்சுன்னாலும் கயிறு இன்னும் கையிலதான இருக்கு, இன்னொரு தடவ தாண்ட வேணாம். என் தலையில எழுதுனது எழுதுனபடி நடக்கட்டும்."

அவள் போனை இடுப்பில் செருகினாள். முகம் வீங்கிப்போயிருந்தது. ஒரு நிமிஷம் கோயில் பக்கம் பார்த்தாள். அவள் என்ன முடிவெடுப்பாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. போக வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"பாதி ஊசியோட விட்டா போடாததுக்குச் சமம்ணே," என்று சொல்லி ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்தாள். "ஏறுங்க."

எல்லைக் கல்லில் இந்த முறை அவள் நிற்கவே இல்லை. அழுதுகொண்டேதான் ஓட்டினாள் என்று வீரணன் பிறகு என்னிடம் சொன்னார்.

குழந்தைக்கு வந்தது சளிக் காய்ச்சல். அந்த வாரமே சரியாகிவிட்டது. வீரணன் மிச்ச ஊசிகளையும் போட்டு முடித்தார். நாள் வந்தால் அவள் அவருடைய தோட்டத்து வாசலில் போய் ஹாரன் அடிப்பாள். தீச்சட்டி அன்று அவள் கடை முன்னால் நின்று, ஹோஸைப் பிடித்து, போகிறவர்களின் பாதங்களுக்கெல்லாம் தண்ணீர் விட்டாள். கமிட்டித் தலைவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கடந்தார்.

இந்த வருஷம் அவள் மறுபடி காப்புக் கட்டினாள். யாரும் தடுக்கவில்லை. ஒரு வயது பேத்தி என் கடை முன்னால் மகாலட்சுமியின் இடுப்பில் இருந்தாள். நடுப்பகல் வெயில், தார் ரோடு கொதித்தது. இரண்டு கையிலும் வேப்பிலையும் நெருப்புச் சட்டியுமாக, வெறுங்காலோடு உமாதேவி வந்தாள்.

வீரணன் அவள் கடைக்குள் போய் ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தார். அவள் காலுக்கு முன்னால் ரோட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டே பின்னோக்கி நடந்தார். அந்தத் தண்ணீர் அவர் வரப்பு வழியாகத் தோட்டத்துக்குள் இறங்கி, முருங்கை மூட்டிலெல்லாம் தேங்கியது.

"போதும்ணே, உங்க தோட்டத்துக்குத் தண்ணி போகுது. நிப்பாட்டுங்க," என்றாள்.

"ஓடட்டும் தாயி," என்றார் வீரணன்.